சேசானுக்கு மகன் இல்லை

பவுல்துரை அண்ணன் வாசிக்கிற வேகத்தைப் பார்த்தால் ஆதாமிலிருந்து நோவாவுக்கு வந்து சேர ஒரே மூச்சு போதும்போல, கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் டோக்கன் நம்பர் கூப்பிட்ட தொண்டை, சேத், ஏனோஸ், கேனான் என்று ஒவ்வொருத்தரையாகக் கவுண்டருக்கு வரவழைத்து அனுப்பிவைக்கிறார், வந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் அங்கேயும் இருந்ததில்லை, இங்கேயும் இல்லை. அவருக்கு ஐம்பத்துநான்கு வசனம். அவர் இறங்கினதும் நான் ஏற வேண்டும், எனக்கு ஐம்பத்தைந்து, கூடுதலாக இருக்கிற அந்த ஒன்றையும் என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். நாளாகமம் முதல் புத்தகம், இரண்டாம் அதிகாரம், வாசிப்பவர் தீத்துராஜ் என்று வாசல் கதவில் ஒட்டியிருக்கிற தாளில் அச்சடித்திருக்கிறது, உள்ளே வரும்போது அதை ஒரு தடவை பார்த்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு தடவையும் பார்த்தேன். சபைக்கு நூற்றைம்பது வயது ஆகிறது, அதற்காக ஒன்பது நாளில் முழு வேதாகமத்தையும் ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசித்து முடிப்பது என்று தீர்மானம், ஒரு எழுத்துகூட விடக் கூடாது என்று போதகர் ஐயா மூன்று ஞாயிறு அறிவிப்பில் சொன்னார். யாருக்கு எந்த அதிகாரம் என்று பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். லீதியாளுக்கு ரூத்தின் கதை விழுந்தது, என் பெண்டாட்டிக்கு எப்போதும் அப்படித்தான், விருந்தில் உட்கார்ந்தாலும் நடுத்துண்டு மீன் அவள் இலைக்குத்தான் வரும், நேற்று அதை வாசித்து முன்வரிசைப் பெண்கள் நாலு பேரை அழவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் சீட்டைப் பிரித்தபோது எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பேர் வரிசையா, போச்சு போங்க, உங்களுக்குன்னே வந்திருக்கு." பேர் வரிசை என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான் என்று ஒன்பது அதிகாரம் ஓடுகிற பகுதி, புதுவருஷத்தில் ஆதியிலிருந்து வாசிக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்களெல்லாம் வழியில் உட்கார்ந்துவிடுகிற இடம். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றுகிறது. மணி பதினொன்று இருக்கும். மொத்தம் முப்பது பேர், அதில் ஆறேழு பேர் தூக்கம், நான் வாசிக்கும்போதும் அவர்கள் இப்படியே தூங்கினால் நல்லது என்று இருக்கிறது. இல்லை, எல்லாரும் விழித்திருந்து கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. காலையிலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்து ஆடிக்கொண்டிருக்கிறேன்.

முன்பெஞ்சில் மாமனார். அவருடைய பிடரி எனக்கு நேராக இருக்கிறது, இன்று காலையில் நான்தான் அதை மழித்துப் பவுடர் போட்டேன், இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் பவுடர் திட்டாக நிற்கிறது, கையை நீட்டித் துடைத்துவிடலாம், சபையில் வேண்டாம். எண்பத்தெட்டு வயது, மதுரநாயகம் என்று பேர், பேருக்கு ஏற்றபடி சர்க்கரை வந்து எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போனது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வெயிலில் வேண்டாமப்பா என்று லீதியாள் சொல்லிப் பார்த்தாள், "நாளாகமம் இன்னைக்குத்தான? கூட்டிட்டுப் போளா" என்று கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். நாளாகமம் என்றுதான் சொன்னார், யார் வாசிக்கிறார் என்று கேட்கவில்லை, அவருக்குத் தெரியும், ஒரு வாரமாக நான் புழக்கடையில் நின்று யெர்மெயேல், யெர்மெயேல் என்று உருப்போட்டது தெருவுக்கே தெரியும். இந்த ஊரில் சோடா கம்பெனி முதலாளி என்றால் அவர்தான், பன்னீர் சோடா, கலர், இப்போது கேன் தண்ணீர். நான் அங்கே மிஷினில் சோடா நிரப்புகிற ஆள். அவர்கள் மேலத்தெரு, நாங்கள் கீழத்தெரு. சாதி இல்லை என்பது எங்கள் சபையில் பிரசங்கத்தில் உண்டு, கல்யாணப் பேச்சில் கிடையாது. ஒருநாள் பாட்டில் வெடித்து என் தாடையைக் கிழித்தது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண் ஓடிவந்து தன் தாவணியால் அழுத்திப் பிடித்தாள், அழுத்தின கையை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கீழத்தெரு சின்ன வேதக்கோயிலில் தாலி கட்டினேன். அவளுக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவருக்கு அவள் ஒருத்திதான். இரண்டு வருஷம் அவர் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அப்புறம் மிஷின் சக்கரம் மக்கர் பண்ணி மூன்று நாள் கம்பெனி கிடந்தது, நாலாம் நாள் ஆள் அனுப்பினார், போனேன், சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு நிமிர்ந்தால் டீ வந்தது, சில்வர் டம்ளரில், அவர் வீட்டு டம்ளரில். அதற்கு என்ன அர்த்தம் என்று லீதியாளும் நானும் ராத்திரி முழுக்கப் பேசினோம். அவ்வளவுதான், மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். பிள்ளைகள் பிறந்தார்கள், தாத்தா என்று மடியில் ஏறினார்கள், ஏற விட்டார். கண் போனபிறகு நாங்கள் அவர் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம்.

ஆனால் என்னை அவர் கூப்பிட்டதில்லை. பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமல்கள் எனக்கு அத்துப்படி, தண்ணீருக்கு ஒன்று, ஒன்றுக்குப் போக ஒன்று, ரேடியோவில் செய்தி போடுவதற்கு ஒன்று, சும்மா பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று. கடைசியில் சொன்னது எனக்குப் பிடிக்கும். கூடத்தில் எங்கே இருந்தாலும் "இருக்கேன்" என்பேன், தலையை ஆட்டிக்கொள்வார். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன், பொய் சொல்லவில்லை, ரூபன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், கெசியா வேலூரில் நர்ஸ், லீதியாள் இன்னும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன. இருந்தாலும் செருப்புக்குள் சின்னக் கல் மாதிரி ஒன்று. தினமும் காலை ஆறு மணிக்கு அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுகிறேன், அவருடைய பழைய வேதாகமத்தில்தான் வாசிக்க வேண்டும், அட்டையைத் திறந்தால் முதல் தாளில் அவர் கையெழுத்தில் குடும்பம் இருக்கிறது. அப்பா பிறந்த தேதி, இறந்த தேதி. தன் விவாகம். மகள் லீதியாள் ஜனனம். அருமை மனைவி தேவனண்டை போன நாள். அதோடு நிற்கிறது. அதற்குக் கீழே கையகலம் வெற்றுத்தாள். லீதியாளின் விவாகம் அங்கே இல்லை, ரூபன் இல்லை, கெசியா இல்லை. என் சட்டைப்பையில் எப்போதும் பேனா இருக்கும். ஒருநாள் லீதியாளிடம் நீயே எழுதேன் என்றேன். "எங்க அப்பா கையால எழுதணும், இல்லன்னா வேண்டாம்" என்றாள். இனி அந்தக் கை எழுதாது, கண் போய்விட்டது. ஆகவே தினமும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, புரட்டி, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். எட்டு வருஷத்தில் இரண்டு தடவை முழு வேதாகமமும் முடித்திருக்கிறோம். முழு என்றா சொன்னேன், முழுசு இல்லை. நாளாகமம் வந்ததும் இரண்டு தடவையும் ஒரு செருமல். "பேர் வரிசையெல்லாம் வேண்டாம். பத்தாம் அதிகாரத்துக்குப் போலாம்." நானும் நல்லதாய்ப் போயிற்று என்று ஒன்பது அதிகாரத்தை மொத்தமாகப் புரட்டிவிட்டேன்.

பவுல்துரை அண்ணன் பேலேகுக்கு வந்துவிட்டார். அவன் நாளில் பூமி பங்குபோடப்பட்டதாம், அதனால் அவனுக்கு அந்தப் பேராம், அண்ணன் அதையும் அதே டோக்கன் குரலில் சொல்லிவிட்டுப் போகிறார், பூமியைப் பங்குபோட்டதைவிடப் பெரிய செய்தி உண்டா, எங்கள் ஊரைக்கூட அன்றைக்குத்தான் மேலத்தெரு கீழத்தெரு என்று கோடு கிழித்திருப்பார்கள். போன வாரம் திங்கட்கிழமை என் அதிகாரத்தை முதல்முறை உட்கார்ந்து வாசித்தேன், பேர்கள் நாக்கில் புரள வேண்டுமே என்றுதான், அர்த்தத்துக்காக இல்லை. யூதாவின் பிள்ளைகள், ஈசாயின் பிள்ளைகள், ஏழாவதாக தாவீது, எஸ்ரோன் அறுபது வயதில் இன்னொரு கல்யாணம் பண்ணினார் என்று வருகிறது, ஆகட்டும் ஐயா என்று சிரித்துக்கொண்டேன். அப்படியே போய் முப்பத்துநான்காம் வசனத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். சேசான் என்று ஒருத்தர். அவருக்குப் பெண்பிள்ளைகள் மட்டும்தான், மகன் இல்லை. அவர் வீட்டில் யர்கா என்று எகிப்துக்கார வேலைக்காரன் ஒருத்தன் இருந்தான். சேசான் தன் மகளை அந்த வேலைக்காரனுக்குக் கல்யாணம் பண்ணிக்கொடுத்தார். அவளுக்கு அத்தாயி பிறந்தான். அத்தாயிக்கு நாதான், நாதானுக்கு சாபாத் என்று அப்படியே எட்டு வசனத்துக்குக் குடும்பம் போகிறது, யூதா கோத்திரத்தின் நடுக்கூடத்தில், எகிப்துக்கார வேலைக்காரன் பேரோடு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், அங்கேயேதான் இருந்தது. ஐம்பத்தேழு வயதுவரை நான் இதைப் படித்ததே இல்லை. பத்தாம் அதிகாரத்துக்குப் போலாம் என்ற குரல் அப்போதுதான் காதில் வேறுமாதிரிக் கேட்டது. அவர் படித்திருக்கிறார். அதனால்தான் தாண்டச் சொல்லியிருக்கிறார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த லீதியாளிடம் போய்ச் சொன்னேன், அவள் கீரையை வைத்துவிட்டுத் தானும் வாசித்தாள். அப்புறம், "சேசான் கட்டிக்குடுத்தாரு. எங்கப்பா எங்க குடுத்தாரு? நானால்லா வந்தேன்" என்று சிரித்தாள். "ஏ, விளையாடாத. இத சபையில, அவரு முன்னால நின்னு எப்படி வாசிப்பேன்?" என்றேன். "வாயால வாசிங்க" என்றாள். அவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

சாறா டீச்சரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன், அவர்களுக்கு நல்ல சங்கீதம் ஒன்று விழுந்திருந்தது, "எனக்குப் பல் செட்டு தம்பி, அந்தப் பேரெல்லாம் சொன்னா கழண்டு மைக்ல விழுந்துரும்" என்றார்கள். வேறு யாரும் வாங்கவில்லை. ஆக, விஷயம் இதுதான். மேலே போய் அந்த வசனத்தை வாசித்தால் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொள்வார்கள், வேலைக்காரன், முதலாளி மகள் என்றதும் முப்பது தலையும் முன்பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும், பார்க்கப்படுவது அவருக்குத் தெரியாது, ஆனால் தெரியும், கண் போனவர்களுக்கு அது முதுகில் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே சபையில் இதே பெஞ்சில் அவர் ஆறு மாதம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள், அதை இன்னொரு தடவை, இந்த வயதில், நான் வழித்துவிட்ட பிடரியோடு, நானே பண்ண வேண்டுமா. வாசிக்காமல் தாண்டினால் யாருக்குத் தெரியப்போகிறது, பேர் வரிசைதானே, எட்டு வசனம், ஒரு நிமிஷம். ஆனால் தாண்டினால், வேதமே உட்காரவைத்த ஒருத்தனை நான் எழுப்பி வெளியே அனுப்புகிறேன். என்னைப்போல ஒருத்தனை நானே. இப்படித்தான் போன திங்கட்கிழமையிலிருந்து சுற்றுகிறது, மிஷின் சக்கரம் பல் விட்டால் சுற்றுமே, அப்படி, சத்தம் மட்டும், பாட்டிலில் ஒன்றும் ஏறுவதில்லை.

இந்தப் பேர் வரிசையை எதற்காக எழுதி வைத்தார்கள் என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன், யர்காவைப் பற்றிச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். வேறு தேசத்துக்குச் சிறைப்பட்டுப் போன ஜனம் திரும்பி வந்தபோது ஊரும் இல்லை, வீடும் இல்லை, பேர்தான் மிச்சம் என்றார், யார் எந்தக் குடும்பம் என்று எழுதி வைத்தால்தான் யாருக்கு எந்த நிலம் என்று தெரியும், பேர் ஏட்டில் இல்லாத ஆசாரியர்களை ஊழியத்தைவிட்டே தள்ளிவைத்தார்கள் என்றார். பட்டா, ரேஷன் கார்டு, ரெண்டும் அதுதான் என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு கறாரான ஏட்டில் ஒரு வேலைக்காரன் பேரை யார் விட்டுவைத்தது, எழுதுகிறவர் கை ஒரு நிமிஷம் நின்றிருக்காதா, வேண்டாம் என்று பக்கத்தில் யாரும் தோளைத் தொட்டிருக்க மாட்டார்களா. மறைக்க நினைத்திருந்தால் சுலபம், அத்தாயியை சேசானின் மகன் என்று எழுதிவிட்டால் முடிந்தது, யார் போய் விசாரிக்கப்போகிறார்கள். எழுதவில்லை. உள்ளதை எழுதியிருக்கிறார்கள். என் வம்சத்தை எழுதச் சொன்னால் எனக்கு ஒரு வரி போதும். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா தீத்து. அவரை ஒரே நாளில் அறுபது பேரோடு குளத்தில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள், வெள்ளைக்கார மிஷனரி துரை வைத்திருந்த தாளில் வரிசையாகப் பேர் இருந்ததாம், முன்னால் நின்றவனுக்குத் திமோத்தேயு, அடுத்து நின்ற இவருக்குத் தீத்து. அதற்கு முந்தி அவருக்கு என்ன பேர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வம்சத்தில் ஆதாமுக்கு அடுத்தது நேராக என் பூட்டன்தான், நடுவில் ஒருத்தரும் இல்லை. இதை நான் சொன்னால் லீதியாள் சிரிப்பாள், ரூபனும் சிரிப்பான், சிரிக்கத்தான் சொல்கிறேன், ஆனாலும் நடுவில் யாரோ இருந்திருப்பார்கள்தானே, பசியும் காய்ச்சலுமாக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. என் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது, சேலேத் என்று ஒருத்தன், அவன் பிள்ளையில்லாமல் செத்துப்போனான் என்று ஒரு வரி, அவ்வளவுதான் அவனைப் பற்றி. அதைப் படித்தபோது எங்கள் சீமோன் அண்ணன் ஞாபகம் வந்தது, இருபத்திரண்டு வயதில் மஞ்சள் காமாலையில் போனான், கல்யாணம் ஆகவில்லை, அவன் பேரை இப்போது என்னைத் தவிர யாரும் சொல்வதில்லை, நான் போனால் அதுவும் போயிற்று. சேலேத்துக்குப் பின்னால் யாரும் இல்லை, எந்த நிலமும் அவன் பேரால் யாருக்கும் போகாது, இருந்தும் எழுதியிருக்கிறார்கள். புழக்கடையில் நின்று அந்த வரியை மூன்று தடவை சத்தமாக வாசித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன தீத்து என்றார், பேர் வரிசை என்றேன், பாவம் என்றார்.

ஏசா வம்சம் ஓடுகிறது, இனி ஏதோம் ராஜாக்கள், அதோடு அண்ணன் இறங்கிவிடுவார். நேற்று வரைக்கும் ஒரு கெட்ட எண்ணமும் இருந்தது, மறைத்து என்ன, நல்லா சத்தமாக, வேலைக்காரனுக்கு என்கிற இடத்தில் நிறுத்தி, அவர் பெஞ்சைப் பார்த்தே வாசிக்க வேண்டும் என்று. முப்பத்தொரு வருஷம் ஐயா, மூத்திரம் வழித்திருக்கிறேன், சோறு ஊட்டியிருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட உமக்கு வாயில்லை, கேளும், உம்மைவிடப் பெரிய மனுஷன் ஒருத்தன் எழுதிவைத்திருக்கிறான் கேளும். கற்பனையில் அப்படி வாசித்தும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. காலையில் சவரம் பண்ணும்போது அந்த எண்ணம் போய்விட்டது. முகத்தை என் கையில் கொடுத்துவிட்டு கழுத்தை நிமிர்த்திக் காட்டினார், பிளேடுக்கு முன்னால் அப்படிக் கழுத்தைக் காட்ட ஒருத்தருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், முப்பத்தொரு வருஷம் கூப்பிடாதவர் எட்டு வருஷமாக தினமும் கழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார், இதில் எதை நான் எண்ணுவது. அப்புறம் சேசானையும் நினைத்துப் பார்த்தேன். அவர் யர்காவுக்காகவா பெண் கொடுத்தார், தன் பேர் நிலைக்க வேண்டும் என்றுதானே. யர்காவை அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று ஏட்டில் இல்லை, அவரும் செருமியே காலத்தைத் தள்ளினாரோ என்னவோ. யர்காவும் சாயங்காலம் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அத்தாயியைத் தூக்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்திருப்பான். பேர் ஏட்டில் ஏறியது அவனுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் தெரியாமல் இருந்தால் என்ன குறைந்துபோயிற்று. கிழவரை விட்டுவிடு தீத்து. எட்டு வசனம்தானே, விட்டுவிடு.

ஆமென் என்று யாரோ சொல்கிறார்கள், அண்ணன் இறங்கி வருகிறார், என் தோளில் தட்டி "பல்லு பத்திரம்" என்கிறார். எழுந்து போகிறேன். மூன்று படி. பெரிய வேதாகமம், எழுத்து பெரிது, கண்ணாடியே வேண்டாம். மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். பெண்கள் பக்கம் முன்வரிசையில் லீதியாள், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வாசியுங்கள் என்று தாடையை ஆட்டுகிறாள். இந்தப் பக்கம் அவர், தலை சாய்ந்து, கைத்தடியின் மேல் இரண்டு கையும். தொடங்குகிறேன். ரூபன் என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது, யாக்கோபின் மூத்தவன், என் மகன் பேர், அவர்தான் அந்தப் பேரை வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார், அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இரண்டு வசனத்துக்குள் நடை பழகிவிடுகிறது, யூதா, தாமார், பாரேஸ், எஸ்ரோன், ராம், போவாஸ் வந்ததும் லீதியாள் தன் கதைக்காரர் என்று சிரிக்கிறாள், ஈசாய், தாவீது, அறுபது வயதுக் கல்யாணம், யாரும் சிரிக்கவில்லை, தூங்குகிறார்கள். யெர்மெயேல் தடுக்காமல் வருகிறது. ஓனாம், சம்மாய், நாதாப். சேலேத் பிள்ளையில்லாமல் செத்தான், அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாக, எங்கள் சீமோன் அண்ணனுக்காக. பேலேத், சாசா. முப்பத்துமூன்று முடிந்தது. அடுத்த வரியில் சேசான் நிற்கிறார். பெரிய எழுத்தில் நிற்கிறார். என் விரல் தாளில் இறங்குகிறது, முப்பத்தைந்து, முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்தொன்று, எலிசாமாவைத் தாண்டி நாற்பத்திரண்டில் வைத்து, காலேபின் பிள்ளைகள் யாரென்றால் என்று எடுத்துவிட்டேன். முடிந்துவிட்டது. ஒருத்தரும் அசையவில்லை. லீதியாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள், நான் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, மேசா, சீப், எப்ரோன் என்று போய்க்கொண்டே இருக்கிறேன்.

கைத்தடி தரையில் தட்டுகிறது. இரண்டு தடவை. நிறுத்துகிறேன். ஒரு செருமல், நான் கேட்டே இராத செருமல், இதற்கு என்ன எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. "மாப்பிள்ள" என்கிறார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நானும் சபையை ஒரு சுற்றுப் பார்க்கிறேன், மேலத்தெருவில் அவருக்கு மருமகன் முறையில் யாராவது உள்ளே வந்திருப்பார்கள் என்று வாசல்வரைக்கும் பார்க்கிறேன், அங்கே ஒருத்தரும் இல்லை, உட்கார்ந்திருக்கிறவர்களெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "மாப்பிள்ள, எட்டு வசனம் விட்டுப்போச்சு." போதகர் ஐயா பாதி எழுந்து, "இருக்கட்டும் ஐயா, பேர்தான, அடுத்து நாலு பேர் வாசிக்க இருக்காங்க" என்கிறார். கிழவர் அந்தக் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்புகிறார். "என்ன இருக்கட்டும்? அத விட்டுட்டா சேசானுக்கு வேற ஆரு இருக்கா?" லீதியாள் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள், தோள் குலுங்குகிறது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. "வாசிங்க மாப்பிள்ள" என்கிறார் அவர், இந்தத் தடவை மெதுவாக, வீட்டில் பேசுகிற குரலில். விரலை மேலே கொண்டுபோகிறேன், கண் கலங்கிப் பெரிய எழுத்தும் ஓடுகிறது, சேசானுக்கு மகன் இல்லை என்கிற இடத்தைத் தட்டுத்தடுமாறிப் பிடித்து, யர்காவைச் சொல்லி, அவன் வேலைக்காரன் என்பதைச் சொல்லி, கல்யாணத்தைச் சொல்லி, அத்தாயிக்கு வருகிறேன். அத்தாயிக்குப் பிறகு எழுத்து ஒன்றும் தெரியவில்லை, நின்றுவிட்டேன். முன்பெஞ்சிலிருந்து நாதான் என்று வருகிறது. நாதான் என்கிறேன். சாபாத் என்று வருகிறது, எப்லால், ஓபேத், யெகூ, அவர் சொல்லச் சொல்ல நான் மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறேன், எலிசாமா வரைக்கும் ஒரு பேர் முன்னே பின்னே ஆகவில்லை, எட்டு வருஷத்தில் ஒருநாள்கூட என்னை வாசிக்க விடாத அந்த எட்டு வசனமும் அவருக்கு மனப்பாடம்.